மின்கட்டணத்தில் லாபம் யாருக்குப் போகிறது?

மின்வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுவருகிறோம். கட்டணமோ ஏறிக்கொண்டே இருக்கிறது. கட்டுகிற நமக்கும் கையைக் கடிக்கிறது, விற்கிற வாரியமும் கடனில் மூழ்குகிறது என்றால், நடுவில் லாபம் பார்ப்பவர் யார்?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான விடையைப் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். பில் போடுகிறவர்தான் லாபம் சம்பாதிக்கிறார் என்று நினைக்கிறோம். மின்சாரத் துறையில் பெரும்பாலும் அப்படி இல்லை. பில் போடும் விநியோக நிறுவனம் நம்மிடம் வசூலித்து, அதில் பெரும்பகுதியை மின்சாரம் விற்றவர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் தந்துவிடுகிறது. லாபம் இருப்பது அந்த இரண்டாம் வரிசையில். அந்த லாபத்தின் அளவைக்கூடப் பெரும்பாலும் சந்தை தீர்மானிப்பதில்லை. ஓர் ஆணையமோ 25 ஆண்டு ஒப்பந்தமோ தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஆணையம் எதற்கு?

ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடைகள் இருக்கலாம். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவரிடம் போவோம். ஆனால் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கம்பம் நட்டு, தனித்தனியாகக் கம்பி இழுத்து, தனித்தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது பணத்தை வீணடிப்பது. அதனால் மின்விநியோகம் உலகம் முழுவதும் ஒரு பகுதிக்கு ஒரே கம்பி என்றுதான் வளர்ந்தது. ஒரே விற்பனையாளர், வேறு வழியில்லாத வாடிக்கையாளர். இந்த நிலையில் விலையை விற்பவர் கையில் விட்டுவிட முடியாது. மின்சாரம் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் நெடுங்காலம் மாநில அரசுகளே விலையைச் சொல்லிவந்தன. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999இல் அமைந்தது. இன்று எல்லாவற்றுக்கும் அடிப்படை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். ஒரு மாநிலத்துக்குள் என்ன விலை என்பதை மாநில ஆணையம் முடிவு செய்கிறது. நெய்வேலி போல மத்திய அரசு நிறுவனங்களின் அனல்மின் நிலையங்களுக்கு டெல்லியில் உள்ள மத்திய ஆணையம் விலை வைக்கிறது. ஆக, 'அரசு கட்டணத்தை உயர்த்தியது' என்று செய்தியில் படித்தாலும், சட்டப்படி அந்தக் கையெழுத்து ஆணையத்துடையது. அரசு செய்யக்கூடியது மானியம் தருவது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். பின்னால் இதன் அருமை தெரியும்.

1,000 கோடி ரூபாயில் ஒரு மின்நிலையம்

ஒரு கற்பனை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 125 மெகாவாட் அனல்மின் நிலையம், கட்டுமானச் செலவு 1,000 கோடி ரூபாய். ஆணையத்தின் விதிப்படி இதில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் பங்கு முதல் என்று கொள்ளப்படும். அதாவது 700 கோடி வங்கியிலிருந்து, 300 கோடி உரிமையாளரின் பணம்.

இப்போது அந்த நிலையத்துக்கு ஆண்டுதோறும் என்னென்ன கிடைக்கும்? வங்கிக் கடனுக்கான வட்டி முழுவதும் கிடைக்கும். இயந்திரங்களின் தேய்மானம் கிடைக்கும். கடனின் அசலை அடைக்க அது உதவும். சம்பளம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆணையம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அந்த அளவுக்குக் கிடைக்கும். நிலக்கரி விலை தனியாகக் கிடைக்கும். இவை எல்லாம் செலவுகள். இவற்றுக்கு மேல், உரிமையாளர் போட்ட 300 கோடிக்கு ஒரு வருமானம் உண்டு. மத்திய ஆணையம் அனல்மின் நிலையங்களுக்கு வைத்திருக்கும் விகிதம் 15.5 சதவீதம். தமிழ்நாட்டு ஆணையத்தின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது 14 சதவீதம். மத்திய விகிதத்தை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 46.5 கோடி ரூபாய். இதுதான் லாபம். இதற்கான வருமான வரியும் தனியாகச் சேர்க்கப்படுவதால், 46.5 கோடி என்பது வரி போக மிஞ்சுவது.

நிலையம் 85 சதவீத அளவுக்கு ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 கோடி யூனிட் உற்பத்தியாகும். வகுத்துப் பாருங்கள்: ஒரு யூனிட்டுக்கு 50 காசு உரிமையாளரின் லாபம்.

50 காசு பெரிய கொள்ளை இல்லை என்று தோன்றலாம். சரிதான். ஆனால் அந்த எண் எதிலிருந்து பிறந்தது என்று கவனியுங்கள். எவ்வளவு மின்சாரம் விற்றார்கள் என்பதிலிருந்து வரவில்லை. எவ்வளவு திறமையாக நடத்தினார்கள் என்பதிலிருந்தும் வரவில்லை. கட்டுவதற்கு எவ்வளவு செலவானது என்பதிலிருந்து வந்தது. அதே நிலையத்தைக் கட்டி முடிக்க மூன்று வருடம் தாமதமாகி, வட்டியும் விலையும் ஏறி, செலவு 1,500 கோடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த முழுத் தொகையையும் ஆணையம் ஏற்றுக்கொண்டால் பங்கு முதல் 450 கோடி. லாபம் ஆண்டுக்கு 69.75 கோடி. யூனிட்டுக்கு 75 காசு. தாமதித்தவருக்கு லாபம் கூடிவிட்டது.

வீடு கட்டும்போது மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று மேஸ்திரியிடம் பேசிவிட்டால் என்ன ஆகும் என்று சொந்தமாக வீடு கட்டிய எவரையும் கேட்டால் தெரியும். சிமெண்டு விலை ஏறினால் அவருக்கு வருத்தமே இருக்காது. 1962இல் ஏவர்ச், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள்: முதலீட்டின் மீது உத்தரவாதமான வருமானம் கிடைக்கும் நிறுவனம், தேவைக்கு மேல் முதலீடு செய்யவே விரும்பும்.

இதற்கு ஆணையத்தின் கையில் உள்ள ஆயுதம் ஒன்றுதான். செலவு நியாயமானதா என்று துருவிப் பார்த்து, வீண் செலவை வெட்டுவது. தாமதம் நிறுவனத்தின் தவறால் வந்ததா, ஏன் டெண்டர் விடவில்லை, இந்த இயந்திரம் இந்த விலைதானா என்று கேட்டு, 1,500 கோடியில் 1,100 கோடியை மட்டும் ஏற்கலாம். மீதி உரிமையாளரின் தலையில். ஓர் ஆணையம் நல்ல ஆணையமா என்பதை நான் இந்த ஒரு வேலையை வைத்துத்தான் மதிப்பிடுவேன். சதவீதத்தைப் பற்றி ஊர் முழுக்க விவாதிக்கலாம். மூலதனக் கணக்கில் கோட்டை விட்டால் அந்த விவாதத்தால் பயனில்லை, ஏனென்றால் அந்தத் தொகை 25 ஆண்டுகளுக்கு நம் பில்லில் உட்கார்ந்துவிடும்.

சதவீதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 15.5 சதவீதம், வரி போக, வட்டி உட்பட எல்லாச் செலவும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியுடன். தொழில் செய்கிற எவருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு கிடைப்பதில்லை. கடன் அடைந்த பிறகு வட்டி பில்லிலிருந்து மறைந்துவிடும்; பழைய மின்நிலையங்களின் மின்சாரம் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பங்கு முதலுக்கான வருமானம் மட்டும் அப்படிக் குறைவதில்லை. இயந்திரம் தேய்ந்து, அதற்கான தேய்மானத்தையும் நாம் கொடுத்து முடித்த பிறகும், முதல் நாள் போட்ட தொகை முழுவதற்கும் கணக்குத் தொடர்கிறது. துணிந்து முதல் போடுகிறவருக்கு லாபம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. துணிவே தேவைப்படாத இடத்தில் துணிவுக்கான கூலியைக் கொடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வாங்காத மின்சாரத்துக்கும் பணம்

மேலே சொன்ன கணக்கில் வட்டி, தேய்மானம், சம்பளம், லாபம் ஆகியவை நிலையானவை. நிலக்கரிச் செலவு மட்டும் நிலையம் ஓடினால்தான் வரும். அதனால் விலையும் இரண்டு துண்டாக இருக்கிறது. நிலையம் தயாராக இருந்தால் போதும், நிலையான பகுதியைக் கொடுத்துவிட வேண்டும். மின்சாரத்தை எடுத்தால் எரிபொருள் விலையையும் கொடுக்க வேண்டும். விநியோக நிறுவனம் 'இன்று காற்றாலை மின்சாரமே போதும், உன்னுடையது வேண்டாம்' என்று சொன்னாலும் நிலையான பகுதி நிற்காது.

இதில் அடிப்படை நியாயம் உண்டு. மழைக்காலத்தில் காற்றும் வெயிலும் இல்லாத நாளில் ஓடுவதற்கு ஒரு நிலையம் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருப்பதற்கும் செலவு உண்டு. ஆனால் ஒப்பந்தம் போடும் நாளில் தேவையைத் தப்பாகக் கணித்துவிட்டால் இந்த நியாயமே கழுத்தை நெரிக்கும். அதற்கு இந்தியா கொடுத்த மிகப் பெரிய விலை தபோல்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டக் கடற்கரையில் அமெரிக்காவின் என்ரான் கம்பெனி கட்டிய மின்நிலையம் அது. 1992இல் மத்திய அரசு தனியார் மின்னுற்பத்தியாளர்களுக்குப் பங்கு முதல் மீது வரி போக 16 சதவீத வருமானத்துக்கு வழி செய்து கொள்கை அறிவித்தது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய திட்டமாகத் தபோல் வந்தது. 1993 டிசம்பரில் மகாராஷ்டிர மின்வாரியம் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. போட்டி டெண்டர் இல்லை. இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது என்று சொல்லி உலக வங்கி கடன் தர மறுத்திருந்தது. கட்டணம் டாலரோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ரூபாய் சரிந்தால் விலை தானாக ஏறும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையான கட்டணம் உண்டு. வாரியம் கொடுக்கத் தவறினால் மாநில அரசு கொடுக்கும் என்று உத்தரவாதம், அதற்கும் மேல் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம்.

1995இல் ஆட்சி மாறியதும் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டு, அடுத்த ஆண்டே திருத்தங்களுடன் உயிர் பெற்றது. 1999 மே மாதம் 740 மெகாவாட் முதல் கட்டம் நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடத் தொடங்கியது. வாரியத்தின் தேவை எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. குறைவாக எடுக்க எடுக்க, நிலையான கட்டணம் குறைந்த யூனிட்டுகளின் மீது விழுந்தது. சில மாதங்களில் யூனிட் 7 ரூபாயைத் தாண்டியது. 2001இல் வாரியம் பணம் கொடுக்க முடியாமல் கை விரித்தது, நிலையம் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் என்ரான் அமெரிக்காவிலேயே திவாலானது. பிறகு மத்திய அரசு நிறுவனங்களான என்டிபிசியும் கெயிலும் சேர்ந்து அந்த நிலையத்தை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் அதே தலைமுறையில் பேசின்பிரிட்ஜ், சமயநல்லூர், சாமல்பட்டி, பிள்ளைப்பெருமாள்நல்லூர் என்று உலை எண்ணெயிலும் நாப்தாவிலும் ஓடும் தனியார் நிலையங்கள் வந்தன. எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் அந்த மின்சாரத்தின் விலை வாரியத்தைச் சுட்டது.

ஒரு ஒப்பந்தத்தின் நான்கு வரிகள் ஒரு தலைமுறையின் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஏலம் விட்டால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு. 2003 சட்டத்தின் 63ஆவது பிரிவு போட்டி ஏலத்தில் கிடைத்த விலையை ஆணையம் அப்படியே ஏற்றுக்கொள்ள வழி செய்கிறது. செலவுக் கணக்கைத் துருவ வேண்டியதில்லை. குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம். மிச்சம் பிடித்தால் அவர் லாபம், கோட்டை விட்டால் அவர் நஷ்டம்.

குஜராத்தின் முந்த்ராவில் டாடா பவர் 4,000 மெகாவாட் நிலையத்துக்கு 2006இல் கேட்ட சராசரி விலை யூனிட் 2 ரூபாய் 26 காசு. இந்தோனேசிய நிலக்கரியை நம்பிச் சொன்ன விலை. 2010இல் இந்தோனேசிய அரசு, ஏற்றுமதி நிலக்கரியை உலகச் சந்தை விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நிலக்கரி விலை எகிறியது. டாடாவும், அதே ஊரில் நிலையம் வைத்திருந்த அதானியும் கட்டணத்தை உயர்த்தித் தரக் கேட்டார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2017 ஏப்ரல் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: வெளிநாட்டில் நிலக்கரி விலை ஏறுவது ஒப்பந்தத்தை உடைக்கும் அளவுக்கு எதிர்பாராத இடர் இல்லை, ஏலத்தில் விலை சொன்னவர் அந்த அபாயத்தையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

நுகர்வோர் பக்கத்திலிருந்து பார்த்தால் மிக முக்கியமான தீர்ப்பு. லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் உனக்கு என்று சொல்ல முடியாது என்பதை அது உறுதிப்படுத்தியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022 கோடையில் நாட்டில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது, நின்றுபோயிருந்த இறக்குமதி நிலக்கரி நிலையங்களை ஓட வைக்க மத்திய அரசு சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பயன்படுத்தியது. கூடுதல் நிலக்கரி விலை வாங்குபவரின் தலைக்கு வந்தது. தீர்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விளக்கு அணையும் நிலை வரும்போது பேரம் பேசும் பலம் நிலையம் வைத்திருப்பவரிடம் போய்விடுகிறது.

ஏலம் இல்லாமல் நிலையான விலை வைப்பதிலும் ஆபத்து உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது. அதன் மின்சாரத்துக்கு 2015இல் பேசப்பட்ட ஒப்பந்த விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. இரண்டே ஆண்டில், 2017 மே மாதம், ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. சோலார் தகடுகளின் விலை விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் 25 ஆண்டுக்கு விலையை முடிவு செய்வதில் அவசரம் கூடாது என்பது அப்போதே பேசப்பட்டதுதான்.

சந்தையும் பிரிட்டனும்

ஒப்பந்தத்துக்கு வெளியே அன்றாடத் தேவைக்கு மின்சாரப் பரிவர்த்தனைச் சந்தை இருக்கிறது. இந்தியாவில் அது 2008இல் தொடங்கியது. அங்கே ஒரு விதி. அந்த நேரத்துத் தேவையை நிறைவு செய்யக் கடைசியாகத் தேவைப்படும் நிலையம் என்ன விலை கேட்கிறதோ அதுவே எல்லோருக்கும் விலை. 3 ரூபாய்க்குத் தயாரித்தவருக்கும் அதே விலை கிடைக்கும். 2022 மார்ச்சில் அது யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய ஆணையம் 12 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, மறு ஆண்டு அதை 10 ரூபாயாகக் குறைத்தது.

பில் போடுகிறவர் வேறு, லாபம் பார்க்கிறவர் வேறு என்பதை அதே ஆண்டு பிரிட்டன் இன்னும் கூர்மையாகக் காட்டியது. அங்கே வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்பது தனியார் கம்பெனிகள். 2019 முதல் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு உச்சவரம்பு வைக்கிறது. அந்த வரம்பில் விற்பனையாளருக்கு அனுமதிக்கப்பட்ட லாபம் சுமார் 2 சதவீதம்தான். ஆனாலும் ஒரு சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணத்துக்கான வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்தது, ஓராண்டில் 3,549 பவுண்டுக்குப் போனது. அரசு குறுக்கிட்டு அதை 2,500 பவுண்டில் நிறுத்தி, வித்தியாசத்தைத் தானே கொடுத்தது. ஏறத்தாழ 30 விற்பனைக் கம்பெனிகள் மூழ்கின. அந்த மூழ்கலின் செலவும் மீதியிருந்த வாடிக்கையாளர்கள் எல்லோருடைய பில்லிலும் பங்கு போடப்பட்டது. பணம் போய்ச் சேர்ந்தது வாயு எடுத்தவர்களிடம். ஷெல் கம்பெனியின் 2022ஆம் ஆண்டு லாபம் ஏறத்தாழ 4,000 கோடி டாலர். பிரிட்டன் அரசு வடகடலில் எடுக்கும் எண்ணெய், வாயு லாபத்தின் மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டு, பிறகு அதை 35 ஆக உயர்த்தியது. சில்லறை விலைக்குப் பூட்டுப் போட்ட அமைப்பால் மூல விலையைத் தொட முடியவில்லை.

நம் பில்

இனி நம் வீட்டு அட்டைக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டணத்தில் ஆணையம் வைத்த விலை இது: இரண்டு மாதத்துக்கு முதல் 400 யூனிட் வரை 4 ரூபாய் 50 காசு, அடுத்த 100 யூனிட்டுக்கு 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். முதல் 100 யூனிட்டின் 450 ரூபாயை அரசு எல்லா வீடுகளுக்கும் கொடுத்தது. 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு இரண்டாவது 100 யூனிட்டில் பாதியையும், அதாவது 225 ரூபாயையும், அரசே கொடுத்தது.

அந்தக் கட்டணப்படி ரீடிங் 500 என்று வந்தால் பில் 1,725 ரூபாய். 501 என்று வந்தால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் ஏன் வீட்டில் பதற்றம் வருகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். அந்த 233 ரூபாயில் மின்சாரத்தின் விலை 8 ரூபாய். மீதி 225 ரூபாய் அரசு நிறுத்திக்கொண்ட மானியம். ஆணையத்தின் விலையும் அரசின் மானியமும் வேறு வேறு என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். பிறகு விலைகள் மாறியிருக்கின்றன.

மானியத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று சட்டத்தின் 65ஆவது பிரிவு சொல்கிறது. விவசாயப் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரத்துக்கும் இதே விதிதான். பணம் தாமதமானால் வாரியம் கடன் வாங்கி மின்சாரம் வாங்கும். அந்த வட்டியும் ஒரு செலவு.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆண்டுக்கணக்கில் விலையைத் தொடாமல் இருப்பது. தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை வீட்டுக் கட்டணம் உயரவில்லை. மின்சாரம் விற்றவர்களுக்குக் கொடுக்கும் விலை மட்டும் உயர்ந்தது. இடைவெளி கடனாகச் சேர்ந்தது. 2017இல் விநியோக நிறுவனங்களின் கடன் சுமையைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு வாரியத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றது. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப்போட்ட விலை உயர்வு வட்டியோடு திரும்பி வந்தது என்று சொல்வதில் தவறில்லை. 2022 உத்தரவு, ஒவ்வோர் ஆண்டு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் உயரும் என்று வைத்தது. 2023 ஜூலையில் 2.18 சதவீதம், வீடுகளுக்கானதை அரசு ஏற்றது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம்.

விநியோகம் தனியாரிடம் இருந்தால் இந்தக் கதை மாறிவிடுமா? டெல்லியைப் பாருங்கள். 2002இல் அங்கே விநியோகம் தனியாருக்குப் போனது. அதற்கு முன் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி திருட்டிலும் வசூலாகாமலும் கரைந்துகொண்டிருந்தது. இழப்பைக் குறைத்தால் லாபம் என்று ஆணையம் வைத்த பிறகு அது படிப்படியாக 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. லாப ஆசையைச் சரியான இடத்தில் கட்டிவைத்தால் அது வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அங்கேயும் ஆணையம், நியாயம் என்று தானே ஒப்புக்கொண்ட செலவுகளைக் கட்டணத்தில் ஏற்றாமல், பின்னால் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஏட்டில் எழுதிவைத்தது. இதற்கு ரெகுலேட்டரி அசெட் என்று பெயர். மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து அந்தப் பாக்கி 27,200 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்தது. அதற்கும் வட்டி உண்டு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து, எல்லா மாநில ஆணையங்களும் பாக்கியைக் கால வரையறைக்குள் தீர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டு ஆணையத்துக்கும் அது பொருந்தும்.

மனுவில் எங்கே பார்ப்பது?

கட்டணம் மாற வேண்டுமானால் நிறுவனம் ஆணையத்திடம் மனு போட வேண்டும். அதன் சுருக்கத்தை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டு, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 64ஆவது பிரிவு. 2022இல் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. சிறு தொழில் அமைப்புகள், விவசாய சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள் பேசின. தனி ஆளாகவும் எழுதலாம்.

'ஏழைகளால் தாங்க முடியாது' என்று எழுதுவது உண்மைதான், ஆனால் ஆணையம் அதை வைத்து ஒரு ரூபாயைக்கூட வெட்ட முடியாது. மனுவில் மின்கொள்முதல் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிரே எத்தனை யூனிட் வாங்கப்பட்டது, நிலையான கட்டணம் எவ்வளவு, எரிபொருள் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். கொஞ்சம் யூனிட் எடுத்துவிட்டு நிறைய நிலையான கட்டணம் கொடுத்த வரி எது என்று தேடுங்கள். அந்த ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, நீட்டிக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நிலையங்களின் பக்கத்தில் முதலில் மதிப்பிட்ட செலவையும் இப்போது கேட்கும் செலவையும் ஒப்பிடுங்கள். மாலை நேரத்துக்காகச் சந்தையில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையும், அரசு தர வேண்டிய மானியத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதையும் கேட்கலாம். வந்த கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவு போட வேண்டும்.

பில்லில் தவறு என்றால் போக வேண்டிய இடம் வேறு: முதலில் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர். கட்டண உத்தரவே தவறு என்று நினைத்தால், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.